மட்டக்களப்பு, அம்பாறையில் வீட்டின் உயரமும் கூரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுப் பிளான் வரையும் வேலையில் இருப்பதால் என்னிடம் வருகிறவர்கள் கூடுதலாகக் கேட்பது இரண்டு விஷயம். எத்தனை மாடி எழுப்பலாம்? கூரைக்கு என்ன போடலாம்? இரண்டையும் தனித்தனியாகவே கேட்கிறார்கள். ஆனால் நமது கரையோரத்தில் ஒன்றை விட்டு மற்றதை முடிவு செய்ய முடியாது. மாடி ஏறினால் கூரை பலத்த காற்றுக்குள் போகிறது. கூரையின் வடிவம் மாறினால், அந்த ஒழுங்கையில் எவ்வளவு உயரம் எழுப்பலாம் என்ற கணக்கும் மாறுகிறது. குடியிருக்கும் வீடுகளைப் பற்றி மட்டுமே இங்கே சொல்கிறேன். கடைத்தொகுதி, விடுதி போன்றவற்றுக்கு விதிகள் வேறு.

வீட்டுக்கு இவ்வளவு உயரம்தான் என்று ஒரே எண் இருக்கிறதா?

இல்லை. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும்தான் அடிப்படை. இரண்டாவது சட்டத்தின் கீழ் அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில் அதிகார சபையின் ஒழுங்குவிதிகள் செல்லும். 1986இல் வந்த விதிகள் நீண்டகாலம் நடைமுறையில் இருந்தன. 2021 ஜூலையில் புதிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாயின. ஒரு நகரத்துக்கென்று அபிவிருத்தித் திட்டம் இருந்தால், அதில் வலயத்துக்கு வலயம் உயரமும் மாடிக் கணக்கும் தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும்.

நடைமுறையில் சாதாரண வீட்டின் உயரத்தை மூன்று விஷயங்கள் கட்டிப்போடுகின்றன: முன்னால் உள்ள வீதியின் அகலம், பின்னால் விடும் வெற்றிடம், காணியின் அளவு. ஒரே ஊரில் பிரதான வீதியில் நாலு மாடிக்கு அனுமதி கிடைத்த ஒருவரைப் பார்த்து, ஒழுங்கைக்குள் இருப்பவர் அதே கணக்கைப் போடக்கூடாது. படம் வரைய ஆட்களைத் தேடுவதற்கு முதல் உங்கள் மாநகர சபைக்கோ நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ காணியின் அளவைப் படத்தோடு போய், அந்தக் காணி எந்த வலயத்தில் வருகிறது, வீதிக்கோடு (வீதிக்கென ஒதுக்கிய எல்லை) எங்கே போகிறது என்று கேட்டுவிடுங்கள். அரை நாள் செலவாகும், அவ்வளவுதான். அதைக் கேட்காமல் வரைந்த பிளானைத் திருப்பி வரைவதற்கு ஆகும் செலவு அதைவிடக் கூட.

வீதியின் அகலத்துக்கும் என் வீட்டு உயரத்துக்கும் என்ன தொடர்பு?

வீதிக்கும் எதிர் வீட்டுக்கும் வெளிச்சம் விழ வேண்டும் என்பதுதான் காரணம். பழைய சட்டத்தில் இதை 63½ பாகைக் கோடு என்று சொல்வார்கள். வீதியின் அந்தப் பக்க ஓரத்தில், நில மட்டத்தில் இருந்து உங்கள் வீட்டை நோக்கி 63½ பாகையில் ஒரு சரிவுக்கோடு இழுத்தால், வீட்டின் எந்தப் பகுதியும் அந்தக் கோட்டைத் தாண்டி வெளியே நீட்டக்கூடாது. எளிமையாகச் சொன்னால், வீதியின் எதிர் ஓரத்திலிருந்து எவ்வளவு தூரமோ அதன் இரண்டு மடங்குதான் உயரம்.

ஒரு உதாரணம். 3 மீற்றர், அதாவது 10 அடி அகலமான ஒழுங்கை. வேலியிலிருந்து 1 மீற்றர் உள்ளே தள்ளி முன்சுவர் வைக்கிறீர்கள். எதிர் ஓரத்திலிருந்து சுவருக்கு 4 மீற்றர். அந்தச் சுவர் 8 மீற்றருக்கு மேல் போக முடியாது. இரண்டு மாடிக்கு 6½ மீற்றர் அளவு வரும் என்று வைத்தால் பிரச்சினை இல்லை. மூன்றாவது மாடியை அதே சுவரின் மேல் நேராக ஏற்றினால் விதி மீறப்படும். காத்தான்குடி, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற நெருக்கமான ஊர்களில் இந்தக் கணக்குத்தான் பல பேரின் கனவை நிறுத்துகிறது. மூன்றாம் மாடி கட்டாயம் வேண்டுமென்றால் அதைப் பின்னுக்குத் தள்ளி, முன்பக்கத்தைத் திறந்த மொட்டைமாடியாக விடலாம்.

இங்கேதான் கூரையும் உள்ளே வருகிறது. இரண்டு பக்கச் சாய்வுக் கூரையின் முக்கோணச் சுவரை வீதியைப் பார்த்து வைத்தால், கூரையின் மிக உயர்ந்த புள்ளி வீதிக்கு மிகக் கிட்டவாக வந்துவிடும். மேலே சொன்ன ஒழுங்கையில் 6½ மீற்றர் சுவருக்கு மேல் 2 மீற்றர் முக்கோணம் வைத்தால் 8½ மீற்றர், வரம்பு தாண்டிவிட்டது. அதே கூரையைத் திருப்பி, தாவாரம் வீதியைப் பார்க்கும்படி வைத்தால் முகடு 4 மீற்றர் பின்னுக்குப் போகிறது. அந்த இடத்தில் வரம்பு 16 மீற்றர். ஒரு செங்கல்லும் குறையாமல், கூரையைத் திருப்பியதால் மட்டும் பிளான் சரிவந்துவிடுகிறது.

பின்பக்கம் எவ்வளவு இடம் விட வேண்டும்?

நீண்டகாலமாகப் பின்பற்றப்படும் அளவு: இரண்டு மாடி வரை 2.3 மீற்றர், அதாவது ஏழரை அடி. அதற்கு மேல் நாலு மாடி வரை 3 மீற்றர், அதாவது 10 அடி. உங்கள் வலயத்துக்கு வேறு அளவு கொடுக்கப்பட்டிருந்தால் அதுவே செல்லும். இது காணியின் முழு அகலத்துக்கும் விட வேண்டிய திறந்த வெளி. குசினிக்குப் பின்னால் தகரம் இறக்கி விறகு போடுவது, குளியலறை கட்டுவது எல்லாம் அந்த இடத்தைத்தான் தின்கின்றன.

இன்றைக்கு இரண்டு மாடிக்கு அனுமதி எடுத்து, பிள்ளைகள் வளர்ந்ததும் மூன்றாவது போடலாம் என்று நினைப்பவர்கள் இப்போதே 10 அடி விட்டு வையுங்கள். அத்திவாரத்தை மூன்று மாடிக்குப் பலமாகப் போட்டுவிட்டு, பின்னால் இரண்டரை அடி குறைந்ததால் அனுமதி கிடைக்காமல் நிற்கும் வீடுகள் இருக்கின்றன. அதைப் பார்க்க மனம் பொறுக்காது.

காணியின் மொத்தப் பரப்பில் குடியிருப்பு வீடு மூடக்கூடியது பொதுவாக மூன்றில் இரண்டு பங்குக்குள். அதிகார சபை விதியில் 65 வீதம். புதிதாகத் துண்டாடும் காணிக்குக் குறைந்த அளவு 150 சதுர மீற்றர், ஏறக்குறைய 6 பேர்ச்சஸ்.

அறையின் உள் உயரத்துக்கும் விதி உண்டா?

உண்டு. ஆட்கள் வசிக்கும் அறைக்கு 2.8 மீற்றர், 9 அடிக்குச் சற்று மேல். சாய்வுக் கூரையின் கீழ் உள்ள அறையில் சராசரி உயரம் பார்க்கப்படும். மாடி ஒன்றைக் கூடுதலாகச் செருகுவதற்காக அறையைத் தாழ்த்த வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் அந்த அறைக்குள் படுக்க முடியாது.

நமது பகுதியில் கூரையைப் பற்றி ஏன் இவ்வளவு கவனம்?

1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியை மட்டக்களப்பில் வயதானவர்கள் யாரும் மறக்கவில்லை. நாடு முழுவதிலுமாக 900 பேருக்கு மேல் இறந்தார்கள். கூரைகள் பறந்தன, கூரை போனதும் பிடிமானம் இழந்த சுவர்கள் விழுந்தன. அதற்குப் பிறகுதான், 1980இல், கடுங்காற்றைத் தாங்கும் கட்டடங்களுக்கான வழிகாட்டி ஒன்று அரசால் வெளியிடப்பட்டது. அதில் இலங்கை மூன்று காற்று வலயங்களாகப் பிரிக்கப்பட்டது. கிழக்குக் கரையோரம் முதலாம் வலயம், அதாவது மிகக் கடுமையானது.

சாதாரணக் கட்டடத்துக்கு முதலாம் வலயத்தில் எடுத்துக்கொள்ளும் காற்று வேகம் செக்கனுக்கு 49 மீற்றர், மணிக்கு ஏறத்தாழ 176 கிலோமீற்றர். கொழும்பு இருக்கும் மூன்றாம் வலயத்தில் 33 மீற்றர். வித்தியாசம் ஒன்றரை மடங்குதானே என்று தோன்றும். ஆனால் காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. ஆகவே நமது கூரை தாங்க வேண்டிய விசை கொழும்புக் கூரையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கொழும்பில் வரைந்த அழகான பிளானை இணையத்தில் எடுத்து அப்படியே கல்லடியில் கட்டுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

49 மீற்றர் வேகக் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீற்றருக்குச் சுமார் 150 கிலோ. கூரையின் எல்லா இடத்திலும் அது முழுமையாகத் தாக்காது என்றாலும், மெல்லிய உலோகத் தகடு அதே பரப்பில் 5 கிலோ அளவுதான் இருக்கிறது. ஓட்டுக் கூரை மரத்தையும் சேர்த்தால்கூட அந்தப் பாரத்துக்குக் கிட்ட வராது. பாரம் கூரையைப் பிடித்து வைக்கும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். பிடித்து வைப்பது கட்டுத்தான்.

அப்படியானால் எந்த வடிவக் கூரை நல்லது?

நாலு பக்கமும் சாயும் கூரை. காற்று எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் அதற்கு நேராக நிமிர்ந்து நிற்கும் முக்கோணச் சுவர் இல்லை. இரண்டு பக்கச் சாய்வு இரண்டாவது. ஒரு பக்கம் மட்டும் சாயும் கூரை, அதுவும் சாய்வு குறைந்ததாக இருந்தால், மிக மோசம்.

சாய்வு 30 பாகையை ஒட்டி இருப்பது நல்லது. தட்டையாகப் போகப் போகக் காற்று கூரைக்கு மேலே ஓடும்போது அதை மேல்நோக்கி உறிஞ்சும் விசை கூடுகிறது. மிகவும் செங்குத்தாக வைத்தால் காற்று நேராகத் தள்ளும், வீட்டின் மொத்த உயரமும் கூடும். தகரச் சீற் போடும்போது மரச் செலவைக் குறைக்க 10 பாகையில் போடுகிறார்கள். உள்ளூரில் இந்தப் பழக்கம் பரவுவதுதான் எனக்குப் பெரிய கவலை.

தாவாரம் ஒன்றரை அடிக்கு மேல் நீட்ட வேண்டாம். மழைச் சாரலுக்கு அகலமான தாவாரம் நல்லதுதான், ஆனால் அடியிலிருந்து காற்று தூக்கும் இடமும் அதுவே. நிழல் வேண்டுமானால் விறாந்தைக்குத் தனிக் கூரை போடுங்கள். வீட்டுக் கூரையின் கைமரத்தை (சாய்வாகப் போகும் கூரை மரத்தை) அப்படியே நீட்டி விறாந்தையை மூடினால், காற்று விறாந்தையைக் கிளப்பும்போது வீட்டுக் கூரையும் சேர்ந்து போகும். தனியாக இருந்தால் விறாந்தை மட்டும் போகும்.

கட்டு என்று சொல்கிறீர்கள். மேசனிடமும் தச்சரிடமும் என்ன சொல்ல வேண்டும்?

கூரையில் இருந்து அத்திவாரம் வரை இடையறாத பிடி இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். தகடு சிலாகையோடு, சிலாகை கைமரத்தோடு, கைமரம் சுவர் மேல் உள்ள வளையோடு, வளை சுவரின் உச்சியைச் சுற்றி வரும் கொங்கிறீற் ரிங் பீமோடு, பீம் தூண்களோடு, தூண் அத்திவாரத்தோடு. இதில் ஓர் இடத்தில் வெறும் ஆணி மட்டும் இருந்தால் கூரை அந்த இடத்தில் கழன்றுவிடும்.

பெரும்பாலும் கோட்டை விடும் இடம் வளைக்கும் பீமுக்கும் இடையில்தான். பீம் கொங்கிறீற் போடும்போதே கம்பியை அல்லது போல்டை உள்ளே விட்டு, மேலே நீட்டி வைக்க வேண்டும். கொங்கிறீற் இறுகிய பிறகு ஞாபகம் வந்து பிரயோசனமில்லை. ஆகவே கொங்கிறீற் போடும் நாளில் நீங்களே நின்று எண்ணிப் பாருங்கள். கைமரம் வளையில் உட்காரும் ஒவ்வொரு இடத்திலும் உலோகப் பட்டியோ, முறுக்கிக் கட்டிய தடித்த கம்பியோ வேண்டும். கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் உறிஞ்சல் கூட என்பதால் அங்கே திருகாணிகளை நெருக்கமாக அடிக்கச் சொல்லுங்கள். ஓடு என்றால் ஓரத்து இரண்டு வரிசையையும் முகட்டு ஓட்டையும் சும்மா வைக்காமல் கட்டவோ சாந்தில் பதிக்கவோ வேண்டும்.

உப்புக் காற்று படும் இடங்களில் சாதாரண ஆணியும் கம்பியும் சில வருடங்களில் துருப்பிடித்து மெலிந்துவிடும். நாகம் பூசியதை வாங்குங்கள். சீலிங்குக்குள் ஏறிப் பார்க்க ஒரு வாசல் வைத்து, ஐப்பசிக்கு முதல் வருடத்துக்கு ஒரு தடவையாவது பாருங்கள்.

கொங்கிறீற் பிளேட் (தட்டைக் கூரை) போட்டால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லையே?

காற்றுக்கு அது மிகப் பலம், உண்மை. கரையோர வீட்டுக்கு ஏறும் படியோடு ஒரு பிளேட் இருந்தால் வெள்ளத்திலும் கடல் பெருக்கிலும் உயிர் தப்ப ஓர் இடம் கிடைக்கும். 2004 சுனாமியில் இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம் என்பதால் இதை லேசாகச் சொல்லவில்லை.

ஆனால் இரண்டு விஷயம். வெயிலில் பிளேட் சூடேறி இரவெல்லாம் அறைக்குள் வெப்பத்தை இறக்கும். வடகீழ்ப் பருவமழையில் தண்ணீர் தேங்கினால் ஒழுகும், உள்ளே கம்பி துருப்பிடிக்கும். 10 அடிக்கு ஒன்றரை அங்குலமாவது சரிவு கொடுத்து, தண்ணீர் போக்கும் குழாயை இரண்டாக வையுங்கள். ஒன்றை இலை அடைத்தாலும் மற்றது ஓடும். பிளேட்டுக்கு மேல் பின்னர் தகரக் கூரை ஏற்றுபவர்கள், அது புதிய உயரமாகக் கணக்கிடப்படும் என்பதையும், அதற்கும் அனுமதி வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

அஸ்பெஸ்டஸ் சீற் போடலாமா?

இன்றும் பாவிக்கிறார்கள். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. புதிதாகக் கட்டும் வீட்டுக்கு நான் அதை எழுதிக் கொடுப்பதில்லை. ஏற்கெனவே இருந்தால் உடைக்காமல், அறுக்காமல், உரசிக் கழுவாமல் விடுங்கள்; ஆபத்து அந்தத் தூசியில்தான்.

வீட்டுத்திட்ட வீட்டின் மேல் மாடி போடலாமா?

சுனாமிக்குப் பிறகும், போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்திலும் கிடைத்த வீடுகளைப் பற்றி இதைக் கேட்கிறார்கள். இந்திய வீட்டுத்திட்ட வீடு 550 சதுர அடி, ஒரு தட்டு. இப்படியான வீடுகளில் சுவர்தான் கூரையின் பாரத்தைத் தாங்குகிறது. அதற்கு மேல் பிளேட்டும் மாடியும் ஏற்றுவதற்கு அத்திவாரம் கணக்கிடப்படவில்லை. கரையோர மணலில் அத்திவாரம் சற்று இறங்கினாலும் சுவர் வெடிக்கும்.

மாடி வேண்டுமென்றால் பொறியியலாளர் ஒருவரைக் கொண்டு அத்திவாரத்தின் ஓரத்தில் தோண்டிப் பார்க்கச் செய்யுங்கள். பல தடவை சரிவரும் வழி, பழைய சுவருக்கு வெளியே புதிய தூண்களைத் தனி அத்திவாரத்தில் எழுப்பி, மாடியை அவற்றின் மேல் வைப்பது. அதற்கும் பின் வெற்றிடக் கணக்கு பொருந்த வேண்டும்.

கடலோரம், வாவியோரம் என்றால் வேறு அனுமதி வேண்டுமா?

வேண்டும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டில் இருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் கரையோர வலயம். அதற்குள் வீடு கட்டக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கடலோடு தொடுக்கும் வாவி, ஆறு போன்ற நீர்நிலைகளின் கரையில் 100 மீற்றர் வரையும் இந்த வலயத்தில் சேர்கிறது. மட்டக்களப்பு வாவியைச் சுற்றி வாழும் பலருக்கு இது தெரியாது. கடலே கண்ணில் படாத காணிக்கு ஏன் கரையோர அனுமதி என்று கேட்கிறார்கள், காரணம் இதுதான்.

சுனாமிக்குப் பின் 2005இல் வடக்கு கிழக்கில் 200 மீற்றருக்குள் கட்டத் தடை என்று அறிவித்தார்கள், பின்னர் தளர்த்தினார்கள். அந்த 200 மீற்றரைத்தான் இன்றும் ஆட்கள் சொல்கிறார்கள். இப்போது கரையின் அந்தந்தப் பகுதிக்கு ஏற்ப ஒதுக்க வேண்டிய தூரம் தீர்மானிக்கப்படுகிறது. திணைக்களத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

காணி தாழ்வாக இருக்கிறது. மண் போட்டு உயர்த்திக் கட்டலாமா?

அது வயற்காணியாக இருந்தால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதி இல்லாமல் நிரப்ப முடியாது. குடியிருப்புக் காணி என்றாலும் முழு வளவையும் உயர்த்தினால் உங்கள் மழைத்தண்ணீர் அயலவர் வீட்டுக்குள் போகும். வீட்டின் அத்திவாரத்தை மட்டும் உயர்த்தி, வளவை அப்படியே விடுவது நல்லது. பிளானில் வீதி மட்டம், பழைய நில மட்டம், வீட்டுத் தரை மட்டம், முகட்டு மட்டம் நாலையும் குறியுங்கள். எங்கிருந்து உயரத்தை அளந்தது என்ற சண்டை பிறகு வராது.

அயல் வீட்டுக் கூரைத் தண்ணீர் என் வளவுக்குள் விழுகிறது. என்ன செய்யலாம்?

உங்கள் சம்மதமோ உறுதியில் எழுதப்பட்ட உரிமையோ நீண்டகாலப் பாவனையால் வந்த உரிமையோ இல்லாமல், கூரைத் தண்ணீரை உங்கள் காணிக்குள் விழுத்த அயலவருக்கு உரிமை இல்லை. நமது நாட்டில் இது உரோம ஒல்லாந்துச் சட்டத்தில் இருந்து வரும் விஷயம். முதலில் பேசிப் பாருங்கள். ஒரு பீலி போட்டால் பெரும்பாலும் தீரும் பிரச்சினை இது. கேட்காவிட்டால் உள்ளூராட்சி சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். தாவாரமே எல்லையைத் தாண்டி நீட்டியிருந்தால் விரைவில் நடவடிக்கை எடுங்கள், வருடக்கணக்கில் விட வேண்டாம்.

புதிதாகக் கட்டுபவர்கள் பீலித் தண்ணீரைச் சேமிக்க இடம் வையுங்கள். நகரப் பகுதிகளில் மழைநீர் சேமிப்பை வலியுறுத்தி 2007ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைத் திருத்தச் சட்டம் வந்தது. 2009இல் அதற்கான விதிகளும் வந்தன. கோடையில் கிணறு உவர்ப்பாகும் ஊர்களுக்குச் சட்டம் சொல்லாவிட்டாலும் இது தேவை.

கோயில் கோபுரத்தை விட உயரமாகக் கட்டக்கூடாது என்கிறார்களே?

கட்டட விதியில் அப்படி ஒன்று இல்லை. ஊர் மரியாதை அது. கோயிலடியில் கட்டுபவர்கள் நிர்வாகத்தோடும் ஊர்ப் பெரியவர்களோடும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது என்று நான் சொல்வேன்.

சட்டப்படி கவனிக்க வேண்டியவை வேறு. புளியந்தீவில் கோட்டையைப் போலப் பாதுகாக்கப்பட்ட தொல்பொருள் இடத்துக்கு 400 யாருக்குள் இருந்தால் தொல்பொருள் திணைக்களத்தைக் கேட்க வேண்டும். திமிலதீவுப் பக்கம் விமான நிலையத்துக்குக் கிட்ட இருந்தால், ஓடுபாதையின் நீட்சியில் வரும் காணிகளுக்கு உயரத்தடை இருக்கலாம். சபையில் கேட்டால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபைக்கு அனுப்புவார்கள்.

கூரையில் சோலார் தகடும் தண்ணீர்த் தாங்கியும் வைக்க அனுமதி வேண்டுமா?

வீட்டுக்கு வைக்கும் அளவுக்குப் பொதுவாகப் பெரிய தடை இல்லை. 1000 லீற்றர் தாங்கி நிரம்பினால் ஒரு தொன் என்பதை நினைவில் வைத்து, அதைச் சுவர் அல்லது தூணுக்கு நேர் மேலே வையுங்கள். சோலார் சட்டத்தைத் தகட்டில் மட்டும் திருகாமல் கைமரம் வரை இறக்கிப் பூட்ட வேண்டும்.

அனுமதி இல்லாமல் ஒரு மாடி ஏற்றிவிட்டேன். இப்போது என்ன?

முதலில் வேலையை நிறுத்துங்கள். பிறகு உள்ளபடியே அளந்து பிளான் வரைவித்து, சபைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். பின் வெற்றிடமும் உயரமும் விதிக்குள் இருந்தால் கட்டணம் அறவிட்டு ஏற்றுக்கொள்ளும் வழி உண்டு. விதிக்கு வெளியே நீட்டினால் அந்தப் பகுதியை இடிக்கச் சொல்வார்கள். அறிவித்தலைப் பொருட்படுத்தாவிட்டால், நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் 28அ பிரிவின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் இடிப்பதற்கான கட்டளை பெற முடியும்.

முறையாக அனுமதி எடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. அனுமதி ஒரு வருடத்துக்குத்தான். வேலை இழுபட்டால் முடிவதற்கு முதலே நீடிப்புக்கு எழுதிக் கொடுங்கள். வீடு முடிந்ததும் குடிபுகும் முன், அனுமதித்த பிளான்படி கட்டியதாகச் சபை தரும் இணக்கச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அது இல்லாமல் வங்கிக் கடனுக்கோ விற்பனைக்கோ போகும்போதுதான் பலருக்குச் சிக்கல் தெரியவருகிறது, அப்போது பிளான் வரைந்தவரும் ஊரில் இருக்க மாட்டார்.